பாஸ்கலும் அவர்தம் சிந்தனைகளும்

படிக்கப் புகுந்தாரை முதற்கண் தோற்கடித்து, பின்னர் மெல்ல மெல்லத் தம்பால் ஈர்த்துக்கொள்ளும் நூல்கள் சில உள. அத்தகைய நூலொன்றைப் பற்றியே ஈண்டு எழுதத் துணிந்தோம். பிரெஞ்சு நாட்டவராகிய பிளேஸ் பாஸ்கல் எழுதிவைத்து, அவர் 1662-ஆம் ஆண்டில் இறந்தபின் 1670-இல் அச்சேறிய ‘சிந்தனைகள்’ என்பதே அந்நூல். மனித உள்ளம் எத்தன்மையது, அஃது எதனை அறியவல்லது, எதனை அறியமாட்டாது, அறிவென்று நாம் பெருமை பாராட்டுவதில் மயக்கம் எத்துணை என்பனவே அதன் பொருள். வடிவால் உரைநடையே ஆயினும், சொற்செறிவால் அது செய்யுளுக்கு அண்மையில் நிற்பது. பிறர் ஓர் அதிகாரத்தில் விரித்துரைப்பதனைப் பாஸ்கல் இரண்டு வரியில் அடக்குவார். சிலவிடத்து அவ்விரண்டு வரியையும் முடிக்காமலே விட்டுச் செல்வார்.

நாம் முதன்முறை இந்நூலை எடுத்தபோது முப்பது பக்கங்கட்குள் களைத்து மூடிவைத்தோம் என்பதை ஒளிக்க வேண்டுவதில்லை. ஒரு பக்கத்தில் முயல் வேட்டை. மற்றொரு பக்கத்தில் நீதிபதிகளின் சிவப்பு அங்கி. பிறிதோரிடத்தில் தீர்க்கதரிசிகளின் வாக்கு. இடையே திடீரென ஒரு கணிதக் குறிப்பு. எங்கே தொடங்குகிறது, எதனை நோக்கிச் செல்கிறது என்பது விளங்கவில்லை. பெரியோர் புகழ்ந்த நூல் நமக்குப் புலப்படவில்லையே என்னும் நாணத்தால், புரிந்தார்போல் அதன் கருத்துச் சிலவற்றை மேடைப்பேச்சிற் கையாண்டும் வந்தோம். கல்லூரிகளில் இஃது அரிதாகக் காணப்படுங் குற்றமன்று.

பின்னொருகால் மாணாக்கர் இருவர் ஒரு வழக்கோடு நம்மிடம் வந்தனர். ஒருவர் கையில் இருந்தது, டி. எஸ். எலியட்டின் முன்னுரையோடு 1931-இல் ‘எவ்ரிமேன்’ வரிசையில் வெளிவந்த டிராட்டரின் ஆங்கில மொழிபெயர்ப்பு. மற்றவர் கையில் இருந்தது, 1966-இல் ‘பெங்குவின்’ நிலையத்தார் வெளியிட்ட கிரைல்ஷைமரின் மொழிபெயர்ப்பு. முன்னவர் புத்தகத்தில் 347 என்று எண்ணிட்டிருந்த பகுதி பின்னவர் புத்தகத்தில் 200 என்றிருந்தது. ஒன்று கணிதமதியைப் பற்றிய ஆராய்ச்சியோடு தொடங்கியது; மற்றது நூலின் ஒழுங்கைப் பற்றிய சிறு குறிப்புகளோடு தொடங்கியது. “நாங்கள் இருவரும் படித்தது ஒரே நூல்தானா ஐயா?” என்பதே அவர்தம் வினா. அதற்கு விடை தேடப் போயே நாம் அந்நூலை உண்மையாகப் படிக்கலானோம்.

விடை யாதெனில், பாஸ்கல் ‘சிந்தனைகள்’ என்றொரு நூலை எழுதவேயில்லை என்பதாம். கிறிஸ்து சமயத்தை ஐயுறுவார்க்கும், ஐயுறவுங்கூட மனமின்றிப் பொழுதுபோக்குவார்க்கும் அதன் உண்மையை எடுத்துரைக்கும் பெருநூலொன்றை இயற்ற அவர் கருதியிருந்தார். 1658-ஆம் ஆண்டளவில் போர்ட் ராயல் மடத்தைச் சார்ந்த நண்பர்கட்கு அதன் திட்டத்தை விளக்கியும் இருந்தார். பெரிய தாள்களில், கருத்துகள் தோன்றியவாறே எழுதுவார். ஒவ்வொன்றின் இடையிலும் கோடிட்டுப் பிரிப்பார். பின்னர்க் கத்தரியால் துண்டுகளாக்கி, இனம் ஒத்தவற்றைத் துளையிட்டு இழையிற் கோத்துக் கட்டிவைப்பார். இவ்வாறு தலைப்புப் பெற்ற கட்டுகள் 27 ஆயின. 1659 முதல் நோய் மிகுந்து வேலை தளர்ந்தது. முப்பத்தொன்பதாம் வயதில் அவர் இறந்தபோது எஞ்சியவை, கட்டிய துண்டுகளும் கட்டாத தாள்களுமே. தமிழில் ‘நூல்’ என்னுஞ் சொல் இழைக்கும் ஏட்டுக்கும் பொதுவாதல் ஈண்டு நினைக்கத்தக்கது. பாஸ்கலுக்கு முன்னதே வாய்த்தது, பின்னது வாய்க்கவில்லை.

உற்றார் உறவினர், கிடந்த வரிசையிலேயே அத்துண்டுகளைப் படியெடுத்து வைத்தனர். இஃது அவர் செய்த பேருதவி. ஆயினும் 1670-இல் பதிப்பித்த நண்பர்கள், கரடுமுரடான தொடர்களைச் செப்பனிட்டும், சமயப் பூசலுக்கு இடமாவனவற்றை நீக்கியும், தமக்கேற்ற வரிசையில் அமைத்தும் வெளியிட்டனர். 1711-இல் பாஸ்கலின் மருகர் லூயி பெரியே, மூலத்துண்டுகள் சிதறிப்போகாமற் காக்கும்பொருட்டு, அவற்றைப் பெரிய ஏடொன்றில் ஒட்டுவித்தார். தாளில் இடங்கொள்ளும் அளவுக்கேற்ப ஒட்டியமையின், காப்பாற்றக் கருதிச் செய்த அச்செயலே அவற்றின் ஒழுங்கைக் கெடுத்தது. 1842-இல் விக்தோர் கூசேன் என்பார், அச்சிட்ட நூல் வேறு, கையெழுத்து வேறு எனப் பிரெஞ்சுக் கழகத்தில் எடுத்துக்காட்டிய பின்னரே அறிஞர் மூலத்தை நாடினர். 1897-இல் புரூன்ஷ்விக் என்பார், ஆசிரியரின் ஒழுங்கு இனிக் கிடைக்காதென்று கருதிப் பொருள்வகையால் 924 பகுதிகளாக வகுத்தார். பின்வந்த லஃபூமா முதலியோர், எவரும் பொருட்படுத்தாத அப்பழைய படியிலேயே பாஸ்கலின் சொந்தக் கட்டுகள் குலையாமல் இருத்தலைக் கண்டு நிறுவினர். லஃபூமாவின் பதிப்பு 1951-இல் வந்தது. நம் மாணாக்கருள் முன்னவர் படித்தது புரூன்ஷ்விக் வகுத்த ஒழுங்கு. பின்னவர் படித்தது லஃபூமா மீட்ட ஒழுங்கு.

எண்கள் மாறின், பொருள் மாறுமோ எனின், மாறும். ‘சிந்திக்கும் நாணல்’ என்று உலகெலாம் அறியப்பட்ட பகுதியையே எடுத்துக்கொள்வோம். புரூன்ஷ்விக் பதிப்பில் அதன் எண் 347. மனிதன் இரண்டு முடிவின்மைகட்கிடையே நிற்பதைக் கூறும் நெடும்பகுதி அதற்கு மிகத் தொலைவில் 72-ஆம் எண்ணில் உள்ளது. எல்லையற்ற வானவெளியின் மௌனத்தைக் கண்டு அஞ்சும் சிறு பகுதி 206-ஆம் எண்ணில் உள்ளது. லஃபூமாவின் பதிப்பிலோ இம்மூன்றும் 199, 200, 201 என ஒன்றையடுத்து ஒன்றாய் நிற்கின்றன. மூன்றும், மனிதனை அறிதலினின்று கடவுளை அறிதற்குச் செல்லும் வழியைத் தலைப்பாகவுடைய பதினைந்தாம் கட்டில் கோக்கப்பட்டிருந்தவை. தனித்தனியே பொன்மொழிகளாய்க் கிடந்தவை, ஒருங்கு வைத்துப் படித்தவழி ஒரு நாடகமாகின்றன.

அந்நாடகத்தின் முதற்காட்சி இது. பாஸ்கல் நம்மை வானத்தை நோக்கச் செய்கிறார். ஞாயிறும் அதன் வட்டமும் விண்மீன்களின் விரிவும் நம் கற்பனைக்கெட்டிய மட்டும் பெருகி, கற்பனை களைத்த பின்னும் இயற்கை களையாது பெருகிச் செல்கின்றது. அவ்விரிவில் மனிதன் ஒன்றுமில்லை. உடனே எதிர்த்திசையில் திருப்புகிறார். கண்ணுக்கு அரிதிற் புலனாகும் ஓர் உண்ணியை எடுத்து, அதன் கால்களையும், காலின் மூட்டுகளையும், உள்ளோடும் குருதியையும், அக்குருதியின் துளிகளையும் எண்ணச் சொல்கிறார். ‘இதற்குமேற் சிறிதில்லை’ என்று நாம் நிறுத்துமிடத்தில், அவ்வணுவின் உள்ளே இன்னுமோர் அண்டம் திறக்கின்றது. நுண்ணோக்கியாற் கண்ட சித்திரங்களை ராபர்ட் ஹூக் வெளியிட்டது 1665-இல். பாஸ்கல் இறந்து மூன்றாண்டுகட்குப் பின். அணுவினுள்ளே கருவுண்டென ரதர்போர்டு கூறியது 1911-இல். இவற்றைப் பாஸ்கல் முன்னறிந்தார் என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவது பழைய நூல்கட்கு வழக்கமாகச் செய்யப்படும் அவமதிப்பு. அவர் கூறியது வேறு: இரு முனையும் நமக்கு மறைந்துள்ளமையின், நடுவில் நிற்கும் நாம் எதனையும் முற்ற அறிதல் இயலாது, ஒன்றோடொன்று பிணைந்துள்ள உலகில், முழுமையை அறியாமற் பகுதியையும், பகுதிகளை அறியாமல் முழுமையையும் அறிந்தோமென்பது வீண். பாடங்களைத் துறைதுறையாகப் பிரித்து, துறைக்கொரு வாயிற்கதவும் பூட்டும் அமைத்திருக்கும் நம்போன்றோர் இவ்விடத்தில் சற்றுத் தங்கிப் படிப்பது தகும்.

இவ்வாறு நம்மைத் தேய்த்துத் தேய்த்து ஒன்றுமில்லாமற் செய்த பின்னரே நாணல் வருகின்றது. மனிதனைக் கொல்ல உலகனைத்தும் திரண்டெழ வேண்டுவதில்லை. ஒரு துளி நீரே போதும். ஆயினும் அவனை நசுக்கும் உலகினும் அவன் உயர்ந்தவன். தான் சாவதை அவன் அறிவான்; தான் கொல்வதை உலகம் அறியாது. நம்மவர்க்கு நாணல் என்றதும், வெள்ளத்தில் வளைந்து பிழைக்கும் அதன் பணிவே நினைவில் எழும்; பிரான்சிலும் லா ஃபோந்தேன் 1668-இல் வெளியிட்ட கதைகளுள் மரமும் நாணலும் உரையாடும் கதை அப்பொருளுடையதே. பாஸ்கலின் நாணல் வளைந்து பிழைப்பதன்று. அது முறியும், முறிவதை அறிந்து முறியும். ஏசாயாவின் 42-ஆம் அதிகாரத்தில் வரும் நெரிந்த நாணலை அவர் எண்ணியிருக்கலாமென்று நமக்குத் தோன்றுகிறது.

மூன்றாவதாகிய மௌனத்தைப் பற்றிய பகுதி ஒரே வாக்கியம். அதனைப் பாஸ்கலின் சொந்த அச்சமெனக் கொண்டு, 1923-இல் பால் வலேரி என்னும் கவிஞர் கடுமையாகக் குறைகூறினார். அஃது ஆசிரியர் குரலன்று, அவர் நூலில் உரையாட விரும்பிய ஐயவாதியின் குரலென்பாரும் உளர். கட்டின் இடத்தை நோக்க, நாம் பின்னவர் பக்கஞ் சாய்கிறோம். ஆயினும் அஞ்சியறியாத ஒருவர் அவ்வாக்கியத்தை எழுதியிருக்க முடியாது.

நிற்க. இங்ஙனம் அறிவின் எல்லையைப் பேசியவர் அறிவை வெறுத்தவரோ என்னும் ஐயம் எழலாம். கல்லூரி ஆலயமேடைகளில் அவரை அப்படிக் காட்டுவதுமுண்டு. அஃது உண்மைக்கு மாறு. 1623-இல் கிளெர்மோனிற் பிறந்த பாஸ்கல், பதினாறாம் வயதில் கூம்பின் வெட்டுகளைப் பற்றிய கணிதக் கட்டுரை எழுதினார். வரிக்கணக்கில் உழன்ற தந்தையாரின் இளைப்பைப் போக்க, 1642-இல் கூட்டவும் கழிக்கவும் வல்ல பொறியொன்றை அமைக்கத் தொடங்கினார். அதற்காக ஐம்பதுக்கு மேற்பட்ட மாதிரிகளைச் செய்து பார்த்ததாக அவரே எழுதியுள்ளார். 1654-இல் ஃபெர்மாவோடு நிகழ்த்திய கடிதப் போக்குவரத்தில், இடையில் நின்றுபோன சூதாட்டத்தின் பந்தயப்பொருளை எவ்வாறு பங்கிடுவதென்னும் வினாவினின்று நிகழ்தகவுக் கணிதத்திற்கு அடிகோலினார். இறக்கும் ஆண்டில், ஐந்து சூ கட்டணத்திற்குப் பாரிசு நகர வீதிகளில் ஏறிச்செல்லத்தக்க பொது வண்டிகளையும் ஏற்படுத்துவித்தார்.

எல்லாவற்றினும் நம் பொருளுக்கு வேண்டுவது மலைச்சோதனை. வெற்றிடத்தை இயற்கை வெறுக்கின்றதென்பது பழையோர் துணிபு. கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்பிப் பாதரசத் தொட்டியிற் கவிழ்த்தால், ஏறக்குறைய 76 செண்டிமீட்டர் உயரத்தில் அது நின்றுவிடும். மேலே வெற்றிடம் தோன்றும். பாதரசத்தைத் தாங்கி நிற்பது வெற்றிடத்தின்மேல் இயற்கைக்குள்ள வெறுப்பா, அன்றிப் புறத்தேயுள்ள காற்றின் சுமையா? சுமையாயின், மலைமேற் காற்றுக் குறைவாதலின் பாதரசமுந் தாழவேண்டும். பாஸ்கலின் வேண்டுகோட்படி அவர் தமக்கையின் கணவர் ஃப்ளோரேன் பெரியே, 1648 செப்டம்பர் 19-ஆம் நாள் புய் தெ தோம் மலையேறினார். உச்சியிற் பாதரசம் ஏறக்குறைய 3 அங்குலம் தாழ்ந்தது. அங்கேயே இடம் மாற்றி மாற்றி, திறந்தவெளியிலும் மறைவிலும், காற்றிலும் மூடுபனியிலுமாக மீண்டும் மீண்டும் அளந்தனர். கீழே ஒரு துறவிமடத் தோட்டத்தில் வைத்த மற்றொரு குழாயை அம்மடத்துத் துறவி ஒருவர் பகலெல்லாம் காத்திருந்து நோக்கினார். அதில் பாதரசம் அசையவில்லை. எல்லாரும் மலையேறியவரையே புகழ்வர். நாமோ, நாள் முழுதும் ஒன்றும் நிகழாமையைக் கண்விழித்து நோக்கியிருந்த அத்துறவியையே பெரிதும் மதிக்கிறோம். அவரின்றி அச்சோதனை சோதனையாகாது. காற்றழுத்தத்தை அளக்கும் அலகுக்கு 1971-இல் ‘பாஸ்கல்’ என்னும் பெயர் இடப்பட்டமை யாவரும் அறிந்தது.

இயற்கையைப் பற்றிய வினாவில் முன்னோர் வாக்கு முடிவாகாது. கண்டறிதலே முடிவு என்பது அவர் கொள்கை. முன்னோர் என்பார் உண்மையில் மனித இனத்தின் இளமைப் பருவத்தினர். முதுமையின் அனுபவம் பின்வந்த நம்மிடமே உள்ளது என வெற்றிடத்தைப் பற்றிய முன்னுரையொன்றில் வாதிட்டுள்ளார். 1657-இல் எழுதிய பதினெட்டாம் ‘மாகாணக் கடித’த்திலும், பூமி அசைகின்றதாயின் ரோமாபுரியின் ஆணையால் அஃது அசையாமல் நின்றுவிடாதென்னும் கருத்தைத் துணிவோடு வெளியிட்டார். பக்தியுடைய கத்தோலிக்கர் ஒருவர் கலிலேயோவின் தண்டனை நிகழ்ந்து இருபத்து நான்கே ஆண்டுகளில் இதனை எழுதினார் என்பதை மறத்தலாகாது.

இத்தகையோரே, அறிவு பகுத்தறிவினால் மட்டும் அமைவதன்று, இருதயத்தாலும் அமையுமென்றார். இங்கேதான் நூலின் உயிர்நிலை உள்ளது. பெருந்தவறும் இங்கேதான் நேர்கின்றது. இருதயத்திற்கு, பகுத்தறிவு அறியாத நியாயங்கள் உண்டென்னும் அவர் கருத்து வாழ்த்து அட்டைகளிலும் காதற் கடிதங்களிலும் புகுந்து, ‘ஆராயாதே, மனம் போனபடி செய்’ என்னும் பொருளைப் பெற்றுவிட்டது. சமயப்பேச்சாளர் சிலரும் விடையிறுக்க முடியாத வினா எழுந்தவழி அதன்பின் ஒளிந்துகொள்கின்றனர். நாமும் முன்பு அவ்வாறு செய்ததுண்டு.

அப்பகுதியைத் தமிழ்ப்படுத்த முயன்றபோதே நம் பிழை நமக்குத் தெரிந்தது. பிரெஞ்சுச் சொல்லுக்கு ‘இருதயம்’ என்பதோ, ‘மனம்’ என்பதோ, ‘உள்ளம்’ என்பதோ பொருந்தும்? ‘நெஞ்சறிய’ என்று நாம் வழங்குகிறோம். ‘நெஞ்சறியப் பொய் சொல்லாதே’ என்னும்போது நெஞ்சு என்பது உணர்ச்சியன்று. நிறுவிக்காட்டாமலே உண்மையை உள்ளவாறு அறிந்திருக்கும் ஒன்று. வேதாகமத்து எபிரெய மொழியிலும் இருதயமென்பது நினைக்கும் இடம், கருதும் இடம், துணியும் இடம். பாஸ்கல் கருதியதும் ஏறத்தாழ இதுவே. லஃபூமா பதிப்பின் 110-ஆம் பகுதியில் அவர் தரும் உதாரணங்கள் காதலும் அல்ல, இரக்கமும் அல்ல. இடம், காலம், இயக்கம், எண் என்பனவே. வெளிக்கு மூன்று பரிமாணம் உண்டென்பதையும் எண்கள் முடிவற்றன என்பதையும் இருதயம் உணர்கின்றது. அவ்வடிப்படையின்மேல், ஒரு வர்க்க எண் மற்றொரு வர்க்க எண்ணுக்குச் சரியாக இருமடங்காதல் இல்லையென்று பகுத்தறிவு நிறுவுகின்றது என்பது அவர் கூற்றின் சாரம்.

இவ்வுதாரணத்தைச் சற்றே விரிப்போம். 25-இன் இருமடங்கு 50, அருகிலுள்ள வர்க்கம் 49, ஒன்று குறைகிறது. 144-இன் இருமடங்கு 288, அருகிலுள்ளது 289, ஒன்று மிகுகிறது. 841-இன் இருமடங்கு 1682; அருகிலுள்ளது 1681. எவ்வளவு சென்றாலும் இவ்வொன்று நம்மை ஏமாற்றிக்கொண்டே வரும். ஏன்? அத்தகைய இரு வர்க்கங்கள் உளவென்றே கொள்வோம். பெரியது சிறியதன் இருமடங்காதலின் இரட்டைப்படை. ஆதலின் அதன் மூலமும் இரட்டைப்படை. ஆதலின் அவ்வர்க்கம் நான்கால் வகுபடும். அதன் பாதியாகிய சிறிய வர்க்கமும் எனவே இரட்டைப்படை. அதன் மூலமும் அங்ஙனமே. இரு மூலங்களையும் பாதியாக்கினாலும் அவ்வுறவு மாறாது, மீண்டும் பாதியாக்கலாம், மீண்டும், மீண்டும். ஆனால் முழுவெண்கள் இவ்வாறு முடிவின்றிச் சிறுத்துக்கொண்டே செல்லமாட்டா. ஆகவே அத்தகைய வர்க்கங்கள் இல்லை.

இதனைப் படித்த மாணாக்கர் எவரும் மறுப்பதில்லை. ஆயின், முழுவெண்கள் முடிவின்றிச் சிறுக்கமாட்டா என்பதை அவர்க்கு யார் நிறுவிக்காட்டினர்? மற்றொன்றைக்கொண்டு நிறுவலாம், அம்மற்றொன்றை வேறொன்றைக்கொண்டு நிறுவலாம், எங்கேனும் ஓரிடத்தில் ‘இது தெரிகிறது’ என்று நின்றாகவேண்டும். அந்நிற்கும் இடத்திற்கே பாஸ்கல் இருதயமென்று பெயரிட்டார். ஆகவே இருதயமும் பகுத்தறிவும் பகைவரல்லர். ஒன்று நிலம், மற்றொன்று அதன்மேல் எழும் சுவர். பகுத்தறிவு தன் முதற்கோள்கட்குச் சான்று கேட்டு இருதயத்தை வழக்கிடுதல் எவ்வளவு நகைப்புக்கிடமோ, பகுத்தறிவு நிறுவியவற்றையெல்லாம் நேரே உணரவேண்டுமென்று இருதயம் வழக்கிடுதலும் அவ்வளவு நகைப்புக்கிடம் என்றும் அவர் கருதினார்.

ஈண்டு ஒரு தடையை எழுப்பாது செல்லுதல் நேர்மையன்று. வெளிக்கு மூன்று பரிமாணமே என்று உணர்ந்த இருதயம் பின்னாளில் வெட்கப்பட நேர்ந்ததன்றோ? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரீமான் முதலியோர், மூன்றினும் மிக்க பரிமாணங்களையும் வளைந்த வெளியையும் முரணின்றிக் கணித்தனர். 1915-இல் ஐன்ஸ்டீனின் கொள்கையில் காலமும் வெளியோடு சேர்ந்து வளைந்தது. உறுதியென உணர்தல் ஒன்று, உண்மையாயிருத்தல் மற்றொன்று. இவ்வேற்றுமையைப் பாஸ்கல் அறியாதவரல்லர். கற்பனை இருதயத்தின் வேடம் பூண்டு மனிதரை ஏய்க்கின்றதென்றும், மனந்திரும்ப எண்ணியவுடனே திரும்பிவிட்டதாக மயங்குவர் என்றும் அவரே எச்சரிக்கிறார். பெரிய தத்துவஞானியைத் தேவைக்கு மிக்க அகலமுள்ள பலகையின்மேல் ஒரு பள்ளத்தின் குறுக்கே நிறுத்தினால், விழமாட்டாய் என்று பகுத்தறிவு சொல்லச் சொல்லக் கால் நடுங்கும். நீதிபதியின் சிவப்பு அங்கியும் வைத்தியரின் நீண்ட உடையும் இல்லையேல், அவர்தம் அறிவை உலகம் இத்துணை மதிக்குமோ என்றும் வினவுகிறார். பட்டமளிப்பு விழாவில் அங்கி அணிந்து அசைந்து வரும் நாம் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுவது வழக்கம்.

அங்ஙனமாயின் நிலத்தையும் நிழலையும் பிரித்தறிவது எவ்வாறு? இதற்கு ஒரு சூத்திரத்தை நாம் அந்நூலிற் கண்டிலோம். ஆயினும் கணிதமதி, நுண்மதி என்னும் இருவகையைப் பற்றிய பகுதி சிறிது வழிகாட்டுகிறது. கணிதத்தின் முதற்கோள்கள் சில, தெளிவானவை, ஆனால் அன்றாட வழக்கினின்று விலகியவை. அத்திசையில் தலையைத் திருப்புவதே கடினம். திருப்பிவிட்டால் காண்பது எளிது. வாழ்க்கையின் முதற்கோள்களோ எல்லார் கண்ணெதிரிலும் கிடப்பவை. ஆனால் மிகப் பல, மிக நுண்ணியன. ஒன்றை விட்டாலும் முடிவு பிழைபடும். சவுளிக்கடை முதியவர் துணியை விரலால் நிரடி இழையின் தரத்தைச் சொல்கிறார். தாய், பல குழந்தைகள் அழுமிடத்துத் தன் குழந்தையின் குரலையும், அது பசியழுகையா நோயழுகையா என்பதையும் அறிகிறாள். காரணங் கேட்டால் இருவரும் விழிப்பர். ஆயினும் அவர்தம் அறிவு அறிவே. நெடுநாள் ஊன்றி நோக்கியதாற் பெற்றது. மனம் போனபடி சொல்லுவது அதுவன்று. மடத்துத் தோட்டத்தில் குழாயைக் காத்திருந்தவரின் பொறுமையும் இதற்கு உறவே.

பாஸ்கலோடு நாம் மாறுபடும் இடங்களும் உள. வேட்டையும் ஆட்டமும் உரையாடலும், நம் நிலையை நாமே நினையாதிருக்கத் தேடிக்கொள்ளும் பராக்கு என்கிறார். முயலை இலவசமாய்க் கொடுத்தால் வேட்டைக்காரன் வேண்டான் என்பது உண்மை. கைப்பேசியை விட்டு ஒரு நாழிகை தனியே அமர்ந்து பார்த்தவர் அதனை மறுக்கத் துணியார். ஆயினும் நண்பரோடு பேசுதலும் பந்தாடுதலும் அனைத்தும் ஓட்டமே என்பதை நாம் ஒப்புக்கொள்ளோம். தாம் இறந்துபோகக் கூடியவராதலின் எவரும் தம்மேற் பற்றுவைத்தல் தகாதென ஒரு துண்டில் எழுதுகிறார். தம் பிள்ளைகளைத் தாம் கொஞ்சுவதும் அவர்க்குப் பிடிக்கவில்லையெனத் தமக்கை ஷில்பெர்த் எழுதிய வரலாற்றால் அறிகிறோம். இறக்கக்கூடிய ஒருவன்மேல் இறக்கக்கூடிய மற்றொருவன் வைக்கும் அன்பைக் குற்றமென்று நாம் கொள்ளமாட்டோம். கடவுளுண்டென்று பந்தயங்கட்டுவதே இலாபமென்னும் புகழ்பெற்ற வாதமும் நம்மை அசைத்ததில்லை. அது எழுதப்பட்ட தாளில், வரிகள் ஓரங்களிலும் குறுக்கிலும் தலைகீழாகவும் நெருங்கி ஓடுகின்றன என்பதே அவ்வாதத்தினும் நம்மை மிகுதியாக உருக்குகின்றது.

நம் ஆலயத்தில் முழங்காற்படியிட்டுவிட்டு நேரே ஆய்வுக்கூடம் செல்லும் மாணாக்கர் ஒருவர் சென்ற ஆண்டு நம்மை வினவினார்: “அங்கே அறிவது அறிவென்று எனக்குத் தெரியும். இங்கே அறிவதும் அறிவா? அன்றி என் விருப்பமா?” பாஸ்கலின் எழுத்துகளில் இதற்கு விடை கூறுமிடம் யாது என்று தேடினோம். 110-ஆம் பகுதியின் முடிவில், இருதய உணர்வாற் சமயத்தைப் பெற்றவர் பேறுடையர், அவர் நம்பிக்கை நியாயமானது. பெறாதவர்க்கு நாம் அளிக்கக்கூடியது நியாயங்காட்டல் ஒன்றே, இருதயத்தில் தருதல் கடவுளின் செயல் என்னும் பொருள்பட எழுதுகிறார். ஆகவே தம் உள்ளத்தின் உறுதியைப் பிறர்மேற் சுமத்த அவர் முற்படவில்லை. ‘எனக்குத் தெரிகிறது, ஆகவே நீ ஒப்புக்கொள்’ என்னும் குரல் அங்கே இல்லை.

இதற்கு அவர் வாழ்க்கையிலும் ஒரு சான்று உண்டு. 1654 நவம்பர் 23-ஆம் நாள் இரவு, ஏறக்குறையப் பத்தரை மணிமுதல் பன்னிரண்டரை மணிவரை, அவர்க்கு ஓர் அனுபவம் நேர்ந்தது. நெருப்பு என்னும் ஒற்றைச் சொல்லைத் தலைமையாக வைத்து, நாளையும் நாழிகையையும் ஆய்வுக்கூடக் குறிப்புப்போலத் துல்லியமாக எழுதி, தத்துவஞானிகளின் கடவுளை அன்று, ஆபிரகாம் முதலிய பிதாக்களின் கடவுளையே தாம் கண்டதாகக் குறித்துவைத்தார். அதன்பின் எட்டாண்டுகள் வாழ்ந்தார். சமயத்தின் உண்மையை நிறுவ நூற்றுக்கணக்கான துண்டுகள் எழுதினார். அவற்றுள் ஒன்றிலேனும் அவ்விரவைச் சான்றாக அவர் காட்டவில்லை.

அவர் இறந்த சில நாட்கட்குப் பின், வேலையாள் ஒருவர் அவருடைய மேற்சட்டையின் உட்புறத்துணி ஓரிடத்தில் தடித்திருத்தலைக் கண்டு தையலைப் பிரித்தார். உள்ளே மடித்த தோல்தாளொன்றும், அதனுள் காகிதமொன்றும் இருந்தன; இரண்டிலும் அவ்விரவின் குறிப்பே அவர் கையால் எழுதப்பட்டிருந்தது. சட்டை மாற்றுந்தோறும் அவரே பிரித்தெடுத்துத் தைத்து வந்தனர் போலும். தோல்தாள் பின்னர்த் தொலைந்தது. காகிதம் பாரிசு மாநகரின் தேசிய நூல்நிலையத்தில் உள்ளது.